டீசல் கார்டில் வாங்கிய கைக்கம்பி

மட்டாஞ்சேரியில் ஒரு முட்டை மொத்தக் கடையின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். நாமக்கல்லிலிருந்து லாரியில் வந்து இறங்கும் முட்டையை எங்கள் சின்ன வண்டிகள் கடைகளுக்கும் பேக்கரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் கொண்டு போகும். என்ன வேலை என்று யாராவது கேட்டால் கணக்கு எழுதுகிறேன் என்பேன். உண்மையில் பாதி நாள் ஓ.டி.பி. சொல்வதுதான் என் வேலை. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு டீசல் கார்டு உண்டு. டிரைவர் பம்பில் கார்டைத் தேய்த்ததும் என் கைப்பேசிக்கு ஓர் எண் வரும். உடனே டிரைவர் கூப்பிடுவார். "சேச்சி, நம்பர் வந்தா?" வாயில் சோறு இருந்தாலும் சொல்லியாக வேண்டும். பின்னால் நிற்கிற வண்டிக்காரன் ஹாரன் அடித்தால் அதற்கும் நான்தான் பொறுப்பு. அந்த டிரைவர்களில் ஒருவர் என் கணவர். அவருக்கு மட்டும் எண்ணை வேண்டுமென்றே இழுத்து இழுத்துச் சொல்வேன். காலையில் வீட்டில் போட முடியாத சண்டையை அதில் முடித்துக்கொள்வேன்.

நாங்கள் இருவரும் மட்டாஞ்சேரியிலேயே பிறந்தவர்கள். வீட்டில் பேசுவது தமிழ், அதில் பாதி மலையாளம். அவருடைய அப்பா நகராட்சியில் சாக்கடை அள்ளியவர், அவருக்கு அப்பாவும் அதே வேலை. கையில் துடைப்பம் இல்லாமல் வேலைக்குப் போன முதல் ஆள் அந்த வீட்டில் இவர்தான். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவரைப் போலத்தான் வண்டி எடுக்கப் போவார். முட்டை வண்டிக்கு இவ்வளவு அலங்காரமா என்று கேலி செய்வேன். அவருக்கு அது உறைக்காது.

முட்டை ஏற்றிய வண்டியை எல்லோராலும் ஓட்ட முடியாது. எங்கள் ஊர்ச் சாலையும் குழியும் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "பிரேக்க மிதிக்கிறவன் செங்கல் ஏத்தட்டும்" என்பார் இவர். அவர் வலது காலை பிரேக்கின் மேல் வைப்பதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வண்டி எப்போது நின்றது என்று தெரியாது, வெளியே மரம் நகரவில்லை என்பதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். உடைந்த முட்டையை டிரைவர்களே வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாம் என்பது எங்கள் கடை வழக்கம். அதனால் பக்கத்து வீட்டு டிரைவரின் அடுப்பில் நித்தமும் ஆம்லெட் மணக்கும். என் பிள்ளைகள் மட்டும் அந்த மணத்தை மோந்துகொண்டு நிற்கும். முட்டைக்கடையில் இரண்டு பேர் வேலை செய்தும் காசு கொடுத்து முட்டை வாங்கிய வீடு எங்கள் வீடு.

சர்க்கரை நோய் அவருக்கு வெகுநாளாக இருந்தது. வலது பாதத்தில் செருப்பு கடித்த புண் ஒன்று வந்தது. துணியைக் கட்டிக்கொண்டு வண்டிக்குப் போனார். நான் கத்தினேன். "நாளைக்குக் காட்டலாம், மதி" என்று என்னை அடக்கினார். அந்த நாளை வந்தபோது டாக்டர் மெல்லிய குரலில் பேசினார், அந்தக் குரலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இடது காலாக இருந்திருக்கக் கூடாதா என்று கடவுளிடம் கேட்டேன். வேறு பெண் யாராவது கேட்டால் சிரிப்பாள், ஆனால் நான் அதைத்தான் கேட்டேன்.

செயற்கைக் கால் வந்தது. அதை மாட்டிக்கொண்டு நடக்கப் பழகினார். கடை முற்றத்தில் நின்ற தன் வண்டியில் ஏறி அந்தக் காலால் பிரேக்கை அழுத்திப் பார்த்தார். வண்டி குலுங்கி நின்றது. மறுபடி அழுத்தினார், மறுபடியும் அதே குலுக்கல். "அமுக்குறேனா இல்லியான்னு எனக்கே தெரியல" என்று இறங்கிவிட்டார். இறங்கும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

முதலாளி நல்ல மனுஷர். அவருடைய அப்பா நாமக்கல்லிலிருந்து முட்டையோடு இங்கே வந்தவர், இவர் இங்கேயே பிறந்து எங்களைப் போலவே பேசுகிறவர். "கோடவுன்ல உக்காந்து முட்டைத் தட்டு எண்ணட்டே, சம்பளம் அதே" என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அங்க உக்காந்தா பின்ன எழும்ப மாட்டேன்" என்றார். அதைத் திமிர் என்று அன்று நினைத்தேன். சாப்பாட்டைத் தட்டில் போட்டு நங்கென்று முன்னால் வைத்தேன். அவர் அதைச் சாப்பிட்டார். அந்த வீட்டில் சத்தமே இல்லாமல் போனது அப்போதிலிருந்துதான். அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

எங்கள் கடையில் இன்னொரு வழக்கம் உண்டு. டீசல் கார்டில் டீசல் மட்டுமல்ல, டயர், பேட்டரி, வண்டிக்கு மேல்வேலை எல்லாவற்றுக்கும் பணம் கட்டலாம், கார்டை ஏற்கிற கடையாக இருந்தால் போதும். வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு வண்டிக்கும் மேல்வேலைக்கென்று ஒரு தொகையை முதலாளி அந்தக் கார்டில் திறந்துவிடுவார். அது டிரைவரின் இஷ்டம். ஆயுத பூஜைக்கு வண்டி ஜோராக நிற்க வேண்டும் என்பதற்காக எல்லோரும் வைட்டிலாவில் உள்ள ஒரு கடைக்குப் போவார்கள். ஒருவர் இரட்டை ஹாரன் வைப்பார். ஒருவர் சீட்டுக்கு சிவப்பு உறை போடுவார். ஒருவர் சாமி படத்தைச் சுற்றி நீல விளக்கு ஓடவிடுவார், ராத்திரியில் பார்த்தால் வண்டிக்குள் திருவிழா நடக்கும். முட்டைக்கு எதற்கடா இதெல்லாம் என்று பில்லை வாங்கிக்கொண்டே நான் திட்டுவேன். அவர்கள் சிரிப்பார்கள். வருஷம் முழுவதும் இன்னொருவனுடைய வண்டியை ஓட்டுகிறவர்களுக்கு அந்த ஒரு ஹாரனாவது தங்களுடையது என்று இருக்க வேண்டாமா?

பூஜையில் வண்டிக்கு மட்டும் பொட்டு வைத்தால் போதாது என்று ஒரு வருஷம் யாருக்கோ தோன்றி, கார்டுகளையும் இலையில் வரிசையாக வைத்து, நன்றாகக் குழைத்த சந்தனத்தை ஒவ்வொன்றின் மேலும் அப்பிவிட்டார்கள். மறுநாள் ஒரு கார்டும் பம்பில் வேலை செய்யவில்லை. கைப்பேசியில் எண்ணே வராமல் நான் உட்கார்ந்திருக்க, ஒவ்வொரு பம்பிலிருந்தும் ஒவ்வொருவராக என்னைத் திட்டினார்கள். கார்டில் சிப் இருக்கிற தங்க நிறச் சதுரத்தில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. என் கொண்டை ஊசியால் நான்தான் சுரண்டி எடுத்தேன்.

இவருக்குக் கால் போன பிறகு வந்த மழைக்காலத்தில் மேல்வேலைத் தொகை திறந்தது. அப்போதுதான் எங்கள் மூத்த டிரைவர் வைட்டிலாக் கடையில் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். நடக்க முடியாத ஒருவருடைய காரில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கம்பி பொருத்திக்கொண்டிருந்தார்களாம். முன்னால் தள்ளினால் பிரேக், தன் பக்கம் இழுத்தால் ஆக்ஸிலரேட்டர். வலது கால் வேண்டாம். மூத்தவர் அன்று மாலை சாயா குடித்துக்கொண்டே, "எனக்கு இந்த வருஷம் ஒண்ணும் வேண்டா. என் வண்டித் தொகைய இவன் வண்டிக்குப் போடு" என்று என்னிடம் சொன்னார். பக்கத்திலிருந்தவர், "என்னுதும்" என்றார். சாயா ஆறுவதற்குள் எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

இவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பிச்சையா போடுறீங்க?" என்றார்.

"உனக்காருடா தரான்? வண்டிக்குத் தரோம்" என்றார் மூத்தவர். "கார்டு வண்டி பேர்ல தான இருக்கு?"

இவர் தன் சாயாவை எடுத்துக் குடித்தார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். அவர்கள் முன்னால் அழக்கூடாது என்று இருந்தது.

கார்டுக்காரர்களுக்குப் போன் செய்து கேட்டேன். ஒரே முதலாளியின் வண்டிகள் என்றால் ஒன்றின் தொகையை இன்னொன்றுக்கு மாற்றலாம் என்றாள் பேசிய பெண். முதலாளியும் சரி என்றார், தன் பங்காகக் கொஞ்சம் கூட்டியும் கொடுத்தார். கணினியில் ஒவ்வொரு வண்டி எண்ணுக்கு எதிரிலும் பூஜ்யம் போட்டேன். இது ஹாரன், இது சீட்டு உறை, இது நீல விளக்கு என்று எனக்குத் தெரியும். போடப் போட மனசு கனத்தது, அதே சமயம் சந்தோஷமாகவும் இருந்தது.

கம்பி பொருத்தியதும் கடை முற்றத்திலேயே பழகினார். லாரி வராத நேரத்தில் கேட்டைச் சாத்திவிட்டு முன்னும் பின்னும் ஓட்டுவார். பின்னால் தட்டுகளில் முட்டையை அடுக்கிக்கொள்வார். முட்டை இல்லாமல் பழகினால் அது பழக்கமே இல்லை என்பார். கை என்பது காலைப் போல இல்லை, முதல் நாள்களில் வண்டி வெட்டி வெட்டி நின்றது, முட்டை உடைந்தது. உடைந்ததை வாளியில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். உடைந்த முட்டையில் எங்கள் வீட்டில் ஆம்லெட் மணத்தது அதுதான் முதல் தடவை. பிள்ளைகள் போட்டி போட்டுத் தின்றார்கள். "நல்லாத் தின்னுங்க, ரெண்டு வாரம்தான் கிடைக்கும்" என்று அவர் சிரித்தார். கால் போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சொன்னபடியே வாளியில் முட்டை குறைந்துகொண்டே வந்து ஒரு நாள் வெறும் வாளியோடு வந்தார். வாசலிலேயே நின்று அதைக் கவிழ்த்துக் காட்டினார்.

வண்டியில் மாற்றம் செய்தால் அதைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். அதற்காக எல்லாக் காகிதங்களையும் எடுத்துக்கொண்டு வண்டிப் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். மூத்த டிரைவர் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார், இவர் பக்கத்தில் உட்கார்ந்து, திரும்பும்போது நான் ஓட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அங்கே இருந்த அதிகாரி இளைஞர், மரியாதையானவர். வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். கம்பியைத் தள்ளிப் பார்த்து, வேலை சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினார். பிறகு நம்பர் பலகையைப் பார்த்தார்.

"இது மஞ்ச போர்டல்லே?" என்று மலையாளத்தில் கேட்டார்.

வாடகைக்கும் வியாபாரத்துக்கும் ஓடுகிற வண்டிக்கு மஞ்சள் பலகை. சொந்த உபயோகத்துக்கு வெள்ளை. உடல் குறை உள்ளவர் ஓட்டுவதற்காக மாற்றிய வண்டி அவருடைய சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான் இருக்க முடியும் என்று அவர் நிதானமாக விளக்கினார். சரக்கு ஏற்றும் வண்டியை அப்படிப் பதிய வழியில்லை. மாற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை வந்து கேட்டிருக்கலாமே என்றார். அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மஞ்சள் பலகையிலேயே வாழ்ந்தவர்கள் நாங்கள். அதன் வரி தெரியும், இன்சூரன்ஸ் தெரியும், அந்தப் பலகையோடு எந்தப் பாலத்தில் எத்தனை மணிக்கு மேல் போகக்கூடாது என்று தெரியும். வைட்டிலாக் கடைக்காரர் இதுவரை பொருத்தியதெல்லாம் வெள்ளைப் பலகைக் கார்கள். அவர் கேட்கவில்லை, நாங்கள் சொல்லவில்லை. இத்தனை டிரைவர்கள் சாயா குடித்துக்கொண்டே எடுத்த முடிவில் ஒருவருக்குக்கூட அந்த மஞ்சள் நிறம் கண்ணில் படவில்லை. அன்பு கண்ணை மறைத்துவிட்டது என்று சொல்லலாம். அன்றைக்கு எனக்கு அப்படியெல்லாம் சொல்லத் தோன்றவில்லை. எல்லோரும் மடையர்கள், நான் முதல் மடச்சி என்றுதான் தோன்றியது.

முதலாளி ஒரு வழி சொன்னார். வண்டியை இவர் பெயருக்கே வெள்ளைப் பலகையாக மாற்றித் தரலாம், விலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். இவர், "முட்ட இல்லாம நான் எங்க போறது?" என்று கேட்டார். முதலாளி தலையைக் குனிந்துகொண்டார்.

வண்டி முற்றத்தின் ஓரத்தில் நின்றது. மற்ற வண்டிகள் அதன் கடைகளையும் பங்கு போட்டுக்கொண்டு இரண்டு நடை ஓடின. இவர் தினமும் வந்து அதைத் துடைத்துவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்திருப்பார். நான் அலுவலக ஜன்னலிலிருந்து பார்ப்பேன். கை கம்பியின் மேல் இருக்கும். தள்ளவும் மாட்டார், இழுக்கவும் மாட்டார். எனக்கு டிரைவர்கள் மேல் கோபம் கோபமாக வந்தது. ஒருவர் சீட்டில் கிழிசலை டேப் போட்டு ஒட்டிக்கொண்டு ஓட்டினார். ஒருவரின் ஹாரன் தொண்டை கட்டிப்போய்க் கிடந்தது. யாராவது ஒருவர், என் தொகை வீணாகப் போச்சே என்று முணுமுணுத்திருந்தால் அவர் மேல் பாய்ந்து சண்டை போட்டு என் பாரத்தை இறக்கியிருப்பேன். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நல்லவர்களிடம் மாட்டிக்கொண்டால் அழுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் இவரே முதலாளியிடம் போனார். நானும் அங்கே இருந்தேன்.

"கம்பிய எடுக்கச் சொல்லுங்க. மத்தவங்க ரெண்டு நடை ஓடி முதுகு ஒடியுது. வேற ஆளப் போடுங்க" என்றார். "நாளைக்குப் பூஜை கழியட்டே. அதுக்கு அடுத்த நாள் வைட்டிலாக்காரன வரச்சொன்னா போதும்."

"நீ?" என்றார் முதலாளி.

"கோடவுன்ல வந்து உக்காருறேன்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் மேஜை மேலிருந்த பில்களை அடுக்கினேன். ஏற்கனவே அடுக்கி வைத்திருந்த பில்கள்தான்.

பூஜையன்று வண்டிகளைக் கழுவி முற்றத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். புது ஹாரன் இல்லை, புது உறை இல்லை, நீல விளக்கும் இல்லை. மாலையும் சந்தனமும் குங்குமமும் மட்டும். அவ்வளவு மொட்டையாக எங்கள் வண்டிகள் பூஜைக்கு நின்றதே இல்லை. இவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். ஒவ்வொரு வண்டிக்கும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, உள்ளே ஒரு தட்டு முட்டையும் வைப்பார்கள். டிரைவர் பழத்தை நசுக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டி வெளியே போய், தெருவில் ஒரு சுற்றுச் சுற்றி வருவார். முட்டை முழுசாகத் திரும்பினால் வருஷம் நன்றாக இருக்கும் என்று நம்பிக்கை.

ஒவ்வொன்றாகப் போய் வந்தன. கடைசியாக இவருடைய வண்டி. அதை யார் எடுப்பது என்று யாரும் கேட்கவில்லை. முதலாளி சாவியை இவர் கையில் கொடுத்தார். "முற்றம் நம்ம இடம்தானே, கேட் வரைக்கும் எடு" என்றார்.

இவர் ஏறினார். ஊன்றுகோலை என்னிடம் கொடுத்தார். எஞ்சினைப் போட்டு, கம்பியை மெல்லத் தன் பக்கம் இழுத்தார். பழம் நசுங்கியது. வண்டி முற்றத்தைக் கடந்து கேட் வரை போனது. நான் பக்கத்திலேயே நடந்தேன், நடக்கிற வேகம்தான். கேட்டில் அது எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. நான் இரண்டடி முன்னால் போய்த் திரும்பிப் பார்த்தபோதுதான் நின்றிருந்தது தெரிந்தது. சீட்டில் இருந்த தட்டில் ஒரு முட்டைகூட அசைந்திருக்கவில்லை. அவரால் முடியும். ஒரு குறையும் இல்லாமல் முடியும்.

எங்களுக்கு முன்னால் சாலை. இடது பக்கம் திரும்பினால் தோப்பும்படி, அப்புறம் பாலம், வெலிங்டன் தீவு, தேவரா. அவர் நித்தம் போன வழி. அவர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை அதுபாட்டுக்குப் போய் இடது இண்டிகேட்டரைப் போட்டது.

டிக் டிக் என்று அது அடிக்கத் தொடங்கியது. வண்டியின் முன்மூலையில் மஞ்சள் விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. தெருவில் வந்துகொண்டிருந்த ஒரு ஆட்டோக்காரர் அதைப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார், நிறுத்தினார், போங்க என்று கையைக் காட்டினார். இவர் போகவில்லை. ஆட்டோக்காரர் இன்னொரு தடவை கையைக் காட்டினார். நான் ஊன்றுகோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு இண்டிகேட்டரை அவரே அணைத்தார். ஆட்டோ போனது.